பதினெட்டு போல்ட், பதினோரு கிலோ

அத்தியாயம் 4

வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில் டீசல் இன்ஜின் வைத்திருக்கும் ஆம்பிளைகள் இரண்டே பேருக்குத்தான் பயப்படுவார்கள். ஒருவர் வீட்டுக்காரி. இன்னொருவர் மெக்கானிக் நிஜாமுதீன் பாய். பாய் இன்ஜின் மேல் காதை வைத்துவிட்டுத் தலையை இடது பக்கம் ஆட்டினால் வண்டி பிழைக்கும். வலது பக்கம் ஆட்டினால் வண்டிக்குச் சொந்தக்காரன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடுவான்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் அன்றைக்குத் தன் பட்டறையில் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் யாரோ கொடுத்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு இன்ஜின் போச்சு, லில்லிம்மா. மூணாவது கடல்ல இருக்குது."

துப்பறியும் லில்லி நோட்டைத் திறந்தார். இருபத்தாறு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐம்பது பேர் உட்காரும் பஸ்ஸில் நூற்றெழுபது பேர் நசுங்கிக்கொண்டிருந்தாலும், டிக்கெட் எடுக்காத ஒருவனை அவன் பிடரியைப் பார்த்தே கண்டுபிடித்தவர். அந்தத் திறமை வீணாகக் கூடாது என்றுதான் வாசலில் போர்டு மாட்டினார். உதவியாளர் ஜெயசீலன், அதே பஸ்ஸின் டிரைவர். இப்போது ஓட்டுவது ஸ்கூட்டர்தான் என்றாலும், திருப்பத்தில் நாற்பதடி வண்டியைத் திருப்புகிற மாதிரி எதிர்ப்பக்கம் வரைக்கும் போய்த்தான் திருப்புவார்.

"முதல்ல இருந்து சொல்லுங்க பாய்," என்றார் லில்லி.

"மொதல்ல நெட்டப்பாக்கம் சிங்காரவேலு டிராக்டர். நான்தான் இன்ஜினப் பிரிச்சுக் கட்டினேன். ஒரே வாரம். உழவு ஓட்டும்போது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற கேஸ்கெட் தகடு புட்டுக்கிச்சு. அடுத்தது திருபுவனை கம்பெனி வேன். அதுவும் அதே கேஸ்கெட். ஹெட்டு போல்ட்டுக்கு இறுக்கம் பத்தலன்னாதான் அப்புடி ஆவும்."

"மூணாவது?"

"நல்லவாடு தையலம்மாள் மீன்புடி போட்டு இன்ஜின். நேத்து மாட்டினாங்க. இன்னிக்கு விடியக்காலம் அவங்க புள்ள அருள்மொழி கடலுக்கு எடுத்துகினு போய்ட்டான். ஆறு பேரு. காத்து பலமா இருக்குன்னு வேற எந்தப் போட்டும் போவல. மூணு வாரமா தொழில் இல்லாம கெடந்தவன், கேக்கல. ஒயர்லெஸ்ல கூப்புட்டுகினே இருக்காங்க. பதில் இல்ல."

ஆடி மாதம். மேல்காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும் காலம். இன்ஜின் நின்ற படகைக் கரைக்குக் கொண்டுவராது, அந்தமானுக்கு வழி காட்டும். ஜெயசீலன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர் பாயின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் அப்படி மூடிக்கொண்டது அது மூன்றாவது தடவை.

"என் கைத்தப்புன்னா பட்டறைய மூடிட்டுப் போயிடுறேன், அது கெடக்கட்டும்," என்றார் பாய். "அந்த இன்ஜினும் அப்படித்தானா இல்லையான்னு மட்டும் எனக்குத் தெரியணும்."

"போல்ட்ட எப்படி இறுக்குவீங்க?"

பாய் எழுந்தார். சுவரில் தனி ஆணியில் வெல்வெட் உறைக்குள் தொங்கிய நீளமான பானாவை எடுத்தார். டார்க் ரென்ச். எத்தனை கிலோ இறுக்கம் வேண்டுமோ அதை வைத்துத் திருகினால், அந்த அளவு வந்ததும் 'டக்' என்று நாக்கைத் தட்டிச் சொல்லும். அதற்கு மேல் இறுக்கினால் போல்ட் அறும். அதற்குக் குறைவாக நிறுத்தினால் கேஸ்கெட் போகும்.

"மூணு சுத்து. மொத சுத்து நாலு கிலோ, ரெண்டாவது எட்டு, கடைசி பதினொண்ணு. மொத ரெண்டையும் புகழ் போடுவான். கடைசி சுத்து நான். நான் இல்லன்னா அவனே முடிப்பான். பதினோரு கிலோ ஏறின போல்ட்டு தலையில செவப்பா ஒரு புள்ளி, நெயில் பாலிஷ். புள்ளி இருக்கிற போல்ட்ட ஒருத்தரும் தொட மாட்டோம்."

புகழ் என்கிற புகழ்வேந்தன், பாயிடம் பத்து வருஷமாக வேலை செய்யும் ஃபிட்டர். ஆடி வெயிலிலும் கறுப்புச் சட்டை. லாரியில் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தால் அதை அறுத்து ஜூஸ் போட்டுக் குடித்துவிட்டுத்தான் அந்த லாரியில் கை வைப்பான் என்று ஊரில் பேச்சு. அவன் ஓரமாக நின்று ஏற்கெனவே துடைத்த ஸ்பேனரை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

"எல்லா போல்ட்லயும் புள்ளி இருந்துச்சா?" என்றார் லில்லி.

"இருந்துச்சு. அதான் பைத்தியம் புடிக்குது. புள்ளி இருக்குது, இறுக்கம் இல்ல."

லில்லி நோட்டை மூடி ஜெயசீலன் முதுகில் தட்டினார். "திருபுவனை. ரைட்!"

விழுப்புரம் ரோட்டில் அவர்கள் பறந்ததைப் பார்த்த இரண்டு மாடுகள் அன்றைக்குப் பால் கறக்கவில்லை என்று கேள்வி.

தொழிற்பேட்டையில் ஒரு புங்க மரத்தடியில் வேன் செத்துக் கிடந்தது. டிரைவர் சீட்டைத் தூக்கினால் மூடி கழற்றிய இன்ஜின். அதன் மேல் வரிசையாக போல்ட்டுகள், ஒவ்வொன்றின் தலையிலும் வட்டமாகச் சிவப்பு. ஜெயசீலன் குனிந்து ஒன்றைத் தொட்டார், நெற்றி வியர்வையை வழித்தார், அடுத்ததைத் தொட்டார்.

"இதுல ஒண்ணும் துப்பு இல்ல மேடம். ஆனா சூடு இருக்குது. ஒரு ஆம்லெட் போடலாம்."

அப்போது வேன் டிரைவர் டீ குடித்துவிட்டு வந்தார். ஜெயசீலனை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார், காலையிலேயே கோயிலா? எந்த அம்மன்?"

"கோயிலா? நான் சர்ச்சுக்கே வருஷத்துக்கு ஒரு தடவதான் போவேன். அதுவும் கேக்குக்கு."

"அப்பறம் நெத்தியில குங்குமம்?"

லில்லி திரும்பிப் பார்த்தார். ஜெயசீலன் நெற்றியில், வியர்வையில் கரைந்து, நல்ல செக்கச் செவேல் என்று ஒரு தீற்றல்.

காய்ந்த நெயில் பாலிஷ் விரலில் ஒட்டாது. லில்லி கைக்குட்டையால் ஒரு போல்ட் தலையைத் தேய்த்தார். சிவப்பு வந்தது. அடியில் காய்ந்த மஞ்சள் வந்தது. முகர்ந்தார். சூட்டில் வதங்கிப்போன சந்தன வாசனை. பக்கத்து போல்ட்டைத் தேய்த்தார், அதுவும் வந்தது. நடுவில் ஆறு போல்ட்டில் மட்டும் வரவில்லை. நகத்தால் சுரண்டினாலும் பளபளவென்று இருந்தது. அது பாலிஷ்.

"ஆறுதான் பாய் வச்ச புள்ளி," என்றார் லில்லி. "மத்ததெல்லாம் பொட்டு. பூஜை போட்டிருக்காங்க."

"கடவுளே," என்றார் ஜெயசீலன், நெற்றியைத் துடைத்தபடி. "நான் ஒரு இன்ஜினோட பிரசாதத்த வாங்கிட்டேன்."

"இன்ஜின எந்தக் கிழமை மூடினாங்க?" என்று வேன் டிரைவரைக் கேட்டார் லில்லி.

"வெள்ளி. சனிக்கிழமை வந்து எடுத்துகினு போன்னாங்க."

சிங்காரவேலுவுக்குப் போன் போட்டார். வெள்ளி. நல்லவாட்டில் தையலம்மாளுக்குப் போட்டார். போட்டு இன்ஜினையும் வெள்ளிக்கிழமைதான் மூடினார்களாம். "என் புள்ள பேசிட்டானாம்மா?" என்று அந்தம்மா திருப்பிக் கேட்டார். மூன்று இன்ஜின், மூன்று ஆடி வெள்ளி.

வெள்ளிக்கிழமை மதியம் பாய் எங்கே இருப்பார் என்று வில்லியனூரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பன்னிரண்டரைக்கு ரென்ச்சைக் கீழே வைத்துவிட்டு ஜும்மா தொழுகைக்குப் போவார். ஆறு போல்ட் முடித்து எழுந்து போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் எல்லாத் தலையிலும் சிவப்பு. புகழ் முடித்துவிட்டான் என்று நினைத்து ஹெட் மேல் மூடியைப் போட்டிருக்கிறார். ஒருவரின் தொழுகைக்கும் இன்னொருவரின் பூஜைக்கும் நடுவில் மூன்றாவது சுற்று காணாமல் போயிருந்தது.

"யாரு வச்சதுன்னு சொல்லவா?" என்றார் ஜெயசீலன் ஸ்கூட்டரை உதைத்தபடி. "பட்டறை கூட்டுற மணியம்மாள். அந்தம்மா பொட்டு சைசுக்கு நெத்தியில இடமே இல்ல. பெரிய டார்ச்சு லைட் மாதிரி இருக்குது."

லில்லிக்கும் அதே எண்ணம்தான். பட்டறைக்குள் நுழைந்ததும் நேரே மணியம்மாளிடம் போய், "வெள்ளிக்கிழமை மத்தியானம் இன்ஜினுக்குப் பூஜை போட்டீங்களா?" என்று கேட்டார்.

மணியம்மாள் துடைப்பத்தைத் தூக்கிய வேகத்தில் ஜெயசீலன் லில்லிக்குப் பின்னால் போய்விட்டார்.

"ஆடி வெள்ளிக்கு நான் இன்னாத்துக்கு இங்க வரேன்? மூணு வாரமா கோயில்ல கூழு ஊத்துறேன். ஐநூறு பேரு குடிச்சிருக்காங்க, போய்க் கேளு. சாமிக்குச் செய்யாம இந்தக் கரிச்சட்டிக்கா செய்வேன்?"

பக்தி உள்ளவர் அன்றைக்குக் கோயிலில். பாய் மசூதியில். பட்டறையில் மிச்சம் இருந்தது ஒரே ஒருவன்.

லில்லி மெதுவாகத் திரும்பினார். புகழ்வேந்தன் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரோட்டில் பார்க்க ஒன்றுமே இல்லை. இருபத்தாறு வருஷத்தில் அந்தப் பிடரியை அவர் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார்.

"டிக்கெட்," என்றார்.

அவன் திரும்பினான். கண் கலங்கியிருந்தது.

"இவனா?" என்று பாய் சிரிக்கவே தொடங்கிவிட்டார். "லில்லிம்மா, இவன் தாலி கட்டுனதே ஐயர் இல்லாம, மைக்குல பேசி. இவன் போயி..."

"நான்தான் பாய்."

பட்டறையில் கம்ப்ரெஸர் கூட நின்றுவிட்டது.

"எங்க பாப்பாவுக்கு ஜூரம். மூணு வாரம் ஆவுது. ஆஸ்பத்திரியில பாத்துகினுதான் இருக்காங்க. ரத்தத்துல ஏதோ எண்ணிக்கை கொறையுதாம், தெனமும் வந்து சொல்றாங்க. நான் கேட்டுகினு நிக்கிறேன். நிக்கிறது தவிர எனக்கு ஒரு வேலையும் இல்ல. எம் பொண்டாட்டி மகாலட்சுமி சொன்னா, மூணு ஆடி வெள்ளிக்கு நீ கை வைக்கிற வேலைக்குப் பொட்டு வைன்னு. அவ எங்கிட்ட வேற எதுவுமே கேட்டதில்ல பாய்."

"அதுக்கு போல்ட்டு தலையிலயா வைப்ப?"

"வேற எங்க வச்சாலும் தெரிஞ்சிடும். ஊரே சிரிக்கும். அங்க ஏற்கெனவே செவப்புப் புள்ளி வைக்கிற வழக்கம். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது. பாதியில வுட்டது நீங்கதானே, நீங்களே வந்து பதினோரு கிலோ போட்டு, மேல பாலிஷ் வைப்பீங்க, மறைஞ்சிடும்னு நெனச்சேன். எட்டு கிலோவோட மூடுவீங்கன்னு நெனக்கல."

பாய் கையை ஓங்கினார். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது, அப்புறம் அவன் தோளில் விழுந்தது. அடியாகத்தான் விழுந்தது. ஆனால் அங்கேயே தங்கிவிட்டது.

"மடையா. எங்கிட்ட சொல்லியிருந்தா உனக்கு ஒரு முழு இன்ஜினையே தந்திருப்பேனேடா, மேல கீழ பொட்டு வைக்க."

லில்லியின் போன் அடித்தது. தையலம்மாள். சொன்னது மூன்றே வார்த்தை. "போட்டு நின்னுடுச்சாம் லில்லிம்மா."

நல்லவாட்டுக் கரையில் மணல் பறந்து கண்ணில் அறைந்தது. ஏலம் விடும் கொட்டகையில் ஒயர்லெஸ் பெட்டியைச் சுற்றி ஊரே நின்றது, ஆனால் சத்தம் இல்லை. நூறு பேர் கூடினால் முந்நூறு பேர் சத்தம் போடும் ஊர் அது. அருள்மொழி வலையை இழுத்த பிறகுதான் ஒயர்லெஸ்ஸைப் போட்டிருக்கிறான். போட்டதும் சொன்ன சேதி இதுதான்: பதினெட்டு மைலில் இன்ஜின் ஆவி விட்டு நின்றுவிட்டது, காற்று கிழக்கே தள்ளுகிறது. ரோந்துப் படகுக்குச் சொல்லியாகிவிட்டது. அது தெற்கே வெகு தூரத்தில் இருந்தது.

லில்லி ஒரு கவிழ்த்த மீன்கூடை மேல் உட்கார்ந்தார். யார், எதற்கு, எப்படி, எல்லாம் அவர் நோட்டில் அழகாக எழுதியிருந்தது. அந்த நோட்டைக் கடலில் போட்டால் மிதக்கும். அதற்கு மேல் அதனால் ஒரு உபகாரமும் இல்லை.

பாய் மைக்கைப் பிடித்தார். "அருளு! ஆயில்ல தண்ணி கலந்துருக்கா பாரு. ஓவர்."

கரகரப்பு. பிறகு ஒரு குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. "இல்ல பாய். பக்கவாட்டுலதான் பீச்சுது. ஓவர்."

"அப்ப கேஸ்கெட்டுக்கு இன்னும் உசிரு இருக்குது," என்றார் பாய் கூட்டத்தைப் பார்த்து. "இன்ஜின் ஆறினதும் இறுக்கினாப் போதும். ஆனா எதால இறுக்குவான்? வெறும் ஸ்பேனர்ல கை பலத்துக்கு இழுத்தா ஒண்ணு எட்டுல நிக்கும், ஒண்ணு பதினஞ்சுல அறும். ஒரு போல்ட்டு அறுந்தா முடிஞ்சுது. என் ரென்ச்சு இங்க கெடக்குது." அவர் அதையும் கொண்டுவந்திருந்தார். வெல்வெட் உறையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு நின்றார்.

"பதினோரு கிலோதானே," என்றார் ஜெயசீலன், பயத்தில் வாய் தன்பாட்டுக்கு ஓட. "மீனாட்டம் எடை போட்டு இழுக்க வேண்டியதுதான்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. பாய் ஜெயசீலனை உற்றுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். லில்லிக்கு அடிதடி நடக்கப் போகிறதோ என்று தோன்றியது.

"தையலக்கா! போட்ல தராசு இருக்குதா?"

"கொக்கித் தராசு இருக்குது பாய். பங்கு பிரிக்கும்போது சண்ட வரக் கூடாதுன்னு நான்தான் வாங்கிக் குடுத்தேன். நம்பரு விழும்."

பாய் மைக்கைக் கடித்துத் தின்றுவிடுவார் போலிருந்தது. "அருளு, கேளு! தண்ணி கேன் இருக்குல்ல, இருவது லிட்டரு, அதோட ஒசரம் அரை மீட்டரு. ஸ்பேனர்ல ஒரு பைப்ப சொருகு. போல்ட்டு நடுவுல இருந்து கேன் ஒசரத்துக்கு அளந்து, அந்த எடத்துல தராசு கொக்கிய மாட்டு. தராசப் புடிச்சு நேரா குறுக்கால இழு. பதினோரு கிலோங்கிறது ஒரு மீட்டரு கைப்புடிக்கு, அரை மீட்டருக்கு இருவத்திரண்டு கிலோ காட்டினா போல்ட்டுக்குப் பதினொண்ணு. இருவத்திரண்டுல விட்டுடு. ஒரு பொடி கூட வேணாம். நடுவுல ஆரம்பிச்சு வெளிய வா. ஓவர்."

நீண்ட கரகரப்பு. "செரி பாய். ஒரு மணி நேரம் ஆறட்டும். ஓவர்."

அந்த ஒரு மணி நேரத்தில் லில்லிக்குத் தலைமுடி முழுக்க வெளுத்துவிட்டது என்று ஜெயசீலன் பிற்காலத்தில் சொல்லித் திரிந்தார். ஏற்கெனவே வெளுத்த முடி என்பதை அவர் சொல்வதில்லை. லில்லி கொட்டகைச் சுவரில் பாய் சொன்ன வரிசைப்படி போல்ட்டுக்கு ஒன்றாகப் பதினெட்டு வட்டம் போட்டு நம்பர் எழுதினார். செய்ய இருந்தது அது ஒன்றுதான். புகழ்வேந்தன் அந்த வட்டங்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். கறுப்புச் சட்டை முழுக்க மணல்.

"ஒண்ணு, இருவத்திரண்டு," என்றது பெட்டி.

லில்லி முதல் வட்டத்தை அடித்தார். இரண்டு. மூன்று. அலை தூக்கும்போதெல்லாம் குரல் அறுந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் தையலம்மாள் மூச்சை நிறுத்தினார், ஆகவே அவர் அன்று பாதி நேரம் மூச்சு விடவில்லை. பத்து. பதினொன்று. படகு இன்னும் தூரம் போய்க்கொண்டிருந்தது. குரலே அதைச் சொன்னது, எண் ஏற ஏறச் சன்னமாகிக்கொண்டே.

"பதினாலு..." என்றது பெட்டி. அதோடு சரி.

பாய் கூப்பிட்டார். தையலம்மாள் கூப்பிட்டார். வெறும் இரைச்சல். லில்லி சாக்பீஸை வைத்துக்கொண்டு பதினைந்தாவது வட்டத்தின் எதிரே நின்றார். அடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. கால் மணி போயிற்று. அரை மணி. கூட்டத்தில் யாரோ விசும்ப, யாரோ அதட்டினார்கள்.

அப்போது இரைச்சலுக்குள் இன்னொரு இரைச்சல் கேட்டது. யார் பேச்சும் இல்லை. டக டக டக என்று ஒரு நாலு சிலிண்டர் டீசல், மைக்கை யாரோ இன்ஜின் பக்கம் நீட்டிப் பிடித்திருக்கிற மாதிரி.

கொட்டகையே கத்திக் கூத்தாடியது. தையலம்மாள் லில்லியைக் கட்டிக்கொண்டார், ஜெயசீலனை யாரோ தூக்கினார்கள், தூக்க முடியாமல் இறக்கினார்கள்.

"சும்மா இருங்க!" என்று கத்தினார் நிஜாமுதீன்.

அவர் பெட்டி மேல் காதை வைத்திருந்தார். கண் மூடியிருந்தது. பதினெட்டு மைலுக்கு அப்பால், ஆடிக் காற்றையும் அலையையும் தாண்டி, ஓட்டை ஒயர்லெஸ்ஸில் வந்த சத்தத்தைக் கேட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தினார். நம்பாதவர்கள் நல்லவாட்டில் போய் விசாரிக்கலாம்.

"அருளு, பதினாறாவது போல்ட்டு பத்தல. சீறுது. ஓவர்."

பிறகு அருள்மொழியின் குரல், திருட்டுத்தனம் பண்ணி மாட்டிக்கொண்ட பிள்ளையின் குரல்.

"தராசு நழுவிடுச்சு பாய். இருவதுலேயே வுட்டுட்டேன். ரெண்டு கிலோதானேன்னு... ஓவர்."

"நிறுத்து இன்ஜின," என்றார் பாய். "ஆற வை. அந்த ரெண்டு கிலோவப் போட்டுட்டு வூட்டுக்கு வா."